போதை ஏறாத பாட்டில்

"இந்தாங்க. உங்க சரக்கை நீங்களே குடிங்க."

பல் டாக்டர் பாட்டிலைக் கவுண்டர் மேல் வைத்த வேகத்தில் அது ஒரு சுற்றுச் சுற்றி, விழலாமா என்று யோசித்து, நின்றது. சிவப்பு ஒயின். பாதி காலி.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற கடைக்காரி கைகளைக் கட்டிக்கொண்டாள். "பாதியைக் குடிச்சு முடிச்சதும்தான் திருப்பிக் கொடுக்கணும்னு தோணுச்சா டாக்டர்?"

"பாதி குடிச்சும் ஒண்ணும் ஏறலைன்னுதான் கொண்டு வந்தேன். தண்ணி கலக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும்மா. அடுத்த வாரம் லைசென்ஸ் அதிகாரி வர்றார். ஊர்க் கமிட்டி அவர்கிட்ட பேசிக்கும்."

"பேசட்டும். அப்படியே ஜன்னல்ல கல்லை விட்டது எந்தக் கமிட்டின்னும் கேட்டுச் சொல்லுங்க."

டாக்டர் வெளியேறினார். அவர் சாத்திய சாத்தில், உடைந்த ஜன்னலுக்கு ஒட்டு போட்டிருந்த அட்டை பிய்ந்து தொங்கியது. கடைக்காரி போய் அதை உள்ளங்கையால் ஓங்கி அறைந்து ஒட்டினாள். அட்டைக்கு வாய் இருந்திருந்தால் அழுதிருக்கும்.

கடையின் மூலையில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிகள் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேடம். பாதி ஆயுளைச் சுங்கத்துறையில் கழித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார் என அந்தக் காலத்தில் கடத்தல்காரர்களே மெச்சியிருக்கிறார்கள். இன்னொருவன் அவருடைய உதவியாளன் மொட்டை. பெயருக்கான காரணம் தலையிலேயே பளபளத்தது. மேடத்துக்குச் சர்க்கரை வியாதி, ஒரு சொட்டு தொடக்கூடாது. ஆகவே காலையிலிருந்து சாட்சிகளைக் குடிக்கும் பொறுப்பு மொட்டையிடம் வந்திருந்தது.

"மேடம்," என்றான் மொட்டை, கையிலிருந்த காலி பாட்டிலைத் தரையில் வைத்தபடி. "திரும்பி வந்ததுல முழுசா ஒண்ணை முடிச்சிட்டேன். இன்னும் எனக்கு வீட்டு வாடகை பாக்கி ஞாபகம் இருக்கு."

"அப்ப ஏறலை."

"ஏறலை. இது என் வாழ்க்கையிலேயே சோகமான நாள்."

கடைக்காரி சிரிக்கவில்லை. போனை எடுத்து எண்ணைத் தட்டினாள். "அந்த மொத்த வியாபாரிதான். பீப்பாய்லயே தண்ணி ஊத்தி அனுப்பறான். இன்னிக்கு அவனை நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

"போனை வைங்கம்மா," என்றார் மேடம்.

"வைக்க மாட்டேன். அப்பா போனதுக்கப்புறம் இந்தத் தீவுல எவன் தயவும் இல்லாம நடத்துற கடை இது. நாங்க ரெண்டே பேரு, நானும் என் தங்கச்சியும். இன்னிக்கு ரோட்டுல போனா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. ரொட்டிக் கடைக்காரன் எனக்கு மீதிச் சில்லறையைக் கையில கொடுக்க மாட்டேங்கறான், மேஜையில வீசறான். நான் என்ன திருடியா?"

"நீங்க திருடியா இல்லையான்னு சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. அதைச் சொல்லவிடுங்க. போனை வைங்க."

மேடத்தின் குரலும் ஏறியிருந்தது. கடைக்காரி போனை வைத்தாள்.

கவுண்டரின் மறுமுனையில் ஒரு முக்காலியில் தங்கை உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த முகம். கன்னத்தில் சதை இல்லை. அக்கா எவ்வளவு கத்தினாலும் அவள் கை மட்டும் ஒரே சீராக ஓடியது. பசை, காகிதம், ஒரு தடவல், அடுத்த பாட்டில்.

இந்தக் கடையில் வேலைப் பங்கீடு எளிமையானது. விலை குறைந்த சிவப்பு ஒயின் பீப்பாயில் வரும். பின்னறையில் அதைப் புனல் வைத்துப் பாட்டிலில் நிரப்பி, மூடியை இறுக்குவது அக்கா. லேபிள் ஒட்டுவதும், முன்னால் நின்று விற்பதும் தங்கை. அக்காவுக்கு வாய் அதிகம் என்பதால் அவளைக் கவுண்டரில் நிறுத்துவதில்லை என்று தங்கையே காலையில் மேடத்திடம் சொல்லியிருந்தாள். அப்போது லேசாகச் சிரித்தாள்.

"புகார் வந்த பீப்பாய்ல நிரப்பினது, விக்காம இன்னும் இருக்கா?" என்று மேடம் கேட்டார்.

அக்கா அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். மூடியிலிருந்த தேதி முத்திரை, டாக்டர் கொண்டு வந்த பாட்டிலில் இருந்ததேதான். மொட்டை திறந்து மூன்று மடக்கு விழுங்கினான். சற்று நேரத்தில் அவன் காதுகள் இரண்டும் சிவந்தன.

"மேடம், இது வேலை செய்யுது. வாடகை பாக்கி மறந்துபோச்சு."

"ஒரே பீப்பாய். ஒரு பாட்டில் ஏறுது, ஒரு பாட்டில் ஏறலை." மேடம் எழுந்தார். "மொத்த வியாபாரி மேல தப்பில்லை. கலந்தது இந்தக் கடைக்குள்ள."

"இந்தக் கடைக்குள்ள வேற யாரும் கால் வைக்கிறதில்லை," என்றாள் அக்கா. குரல் உடனே கூர்மையானது. "அப்ப நான் கலந்தேன்னு சொல்றீங்களா?"

"இன்னும் சொல்லலை. மொட்டை, ஏறாத பாட்டில்ல தண்ணி ருசி இருந்துச்சா?"

மொட்டை யோசித்தான். "இல்ல மேடம். தண்ணி கலந்தா நாக்குல தெரிஞ்சுடும். இது ஒயின்தான். நிறம் இருக்கு, புளிப்பு இருக்கு, கொஞ்சம் இனிப்புகூட இருக்கு. கார் புதுசு, சீட்டு புதுசு, உள்ள இன்ஜினை மட்டும் கழட்டிட்டாங்க."

மேடம் டாக்டரின் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அடர்த்தி குறையவில்லை. பிறகு அதை வைத்துவிட்டு, கடையின் அலமாரிகளை ஒரு முறை நடந்து வந்தார். சுற்றுலா சீசன் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. கடற்கரை ஓட்டல்கள் பூட்டிக் கிடந்தன, நாற்காலிகள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. விலை உயர்ந்த பாட்டில்கள் எல்லாம் தூசி போர்த்திக்கொண்டு தூங்கின. மேடம் விரலை வைத்த இடமெல்லாம் கோடு விழுந்தது.

ஒரே ஒரு வரிசையில் விழவில்லை.

"இது என்ன ஒயின்?"

"அதுவா, போதையில்லாதது," என்றாள் அக்கா அலட்சியமாக. "ஆல்கஹாலை எடுத்துட்டு வர்ற சரக்கு. டூரிஸ்ட்டுங்க கேப்பாங்கன்னு தங்கச்சிதான் வரவழைக்கிறா."

"டூரிஸ்ட் எங்கேம்மா இப்போ? மத்த வரிசையெல்லாம் மாசக்கணக்குல அசையலை. இது மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. வந்துக்கிட்டும் போய்க்கிட்டும் இருக்கிற சரக்கு மேலதான் தூசி உக்காராது." மேடம் விலைச் சீட்டைப் பார்த்தார். "பீப்பாய் ஒயினைவிட ரெண்டு மடங்கு விலை."

மொட்டை தலையைச் சொறிந்தான். "அதாவது, மலிவான ஒயினை எடுத்துட்டு, விலை கூடின ஒயினை உள்ள ஊத்தியிருக்காங்க. இவ்வளவு நல்ல திருடன் எங்க தெருப் பக்கம் வரமாட்டேங்கிறானே."

"அதான் விஷயம். ஏமாத்தறவங்க லாபம் பார்ப்பாங்க. இவங்க ஒவ்வொரு பாட்டிலுக்கும் நஷ்டப்பட்டிருக்காங்க." மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார். "புகார் சொன்னவங்க எல்லாரும் எப்ப வாங்கின பாட்டிலைக் கொண்டு வந்தாங்க? ஒரே நேரத்துல வாங்கினதா, வேற வேற நேரமா?"

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். "எல்லாம் ஒரே வாரத்துல வித்ததுதான். நான் வித்ததுதான்."

"நீங்க ஏன் வித்தீங்க? கவுண்டர்ல நிக்கறது தங்கச்சிதானே?"

"அந்த வாரம் இவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியலை. நான்தான் முன்னாடி நின்னேன். கவுண்டருக்குக் கீழே ஒரு பெட்டி நிரம்ப பாட்டில் இருந்துச்சு, கைக்கு வாட்டமா இருக்கேன்னு அதுல இருந்துதான் எடுத்து எடுத்து..."

கடையில் லேபிள் ஒட்டும் சத்தம் நின்றிருந்தது.

தங்கை பசைத் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். முந்தானையில் விரல்களைத் துடைத்தாள்.

"நான்தான் கலந்தேன்," என்றாள்.

அக்காவின் கை ஓங்கியது. யாரும் தடுக்கவில்லை. கை அந்தரத்தில் நின்று, தானாகவே இறங்கிக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டது.

"ஊரே என் மூஞ்சில துப்புது. ஜன்னலை உடைச்சாங்க. நான் அந்த வியாபாரியைக் கண்டபடி பேசினேன், இந்த மேடத்தை அழைச்சுக்கிட்டு வந்தேன். நீ பக்கத்துலயே உக்காந்து லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தே. கூடப் பிறந்தவளா நீ?"

"உன் ஜன்னல் உடைஞ்சுதுக்கா," என்றாள் தங்கை. "யாரும் சாகலை."

மேடம் அக்காவின் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு, தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். "அந்தப் பெட்டி யாருக்காக?"

"படகு டிரைவருக்கு."

தீவையும் எதிர்க்கரையையும் இணைப்பது ஒரே ஒரு பயணிகள் படகு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், வேலைக்கு வந்து திரும்புகிறவர்கள், எல்லாரும் அதில்தான். அதை ஓட்டுகிறவர் தினமும் மத்தியானம் இந்தக் கடைக்கு வருவார், சிவப்பு ஒயின் வாங்குவார், படகில் உட்கார்ந்தே குடிப்பார், சாயங்காலப் பயணத்துக்குப் படகை எடுப்பார்.

"ஒரு நாள் நான் அந்தப் படகுல இருந்தேன்," என்றாள் தங்கை. "துறையில நிறுத்தும்போது தூண்ல மோதிட்டார். மாசமா இருந்த ஒரு பொண்ணு பெஞ்சில இருந்து கீழே விழுந்துச்சு. இறங்கிப் போற எல்லாரும் அவர்கிட்ட சிரிச்சுக்கிட்டே 'பார்த்து அண்ணே'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் கமிட்டித் தலைவர்கிட்ட போய்ச் சொன்னேன். 'அவனை விட்டா ஓட்ட ஆள் யாரும்மா இருக்கா'ன்னார். அக்காகிட்ட சொன்னேன்."

"என்கிட்ட எப்ப சொன்னே?"

"சொன்னேன். அவருக்கு விக்காதேன்னு சொன்னேன். 'கடைக்கு வர்றவன் வாயை மோந்து பார்க்கறதா என் வேலை'ன்னு கேட்டே. ஞாபகம் இருக்கா?"

அக்கா டாக்டரின் பாட்டிலைக் கையில் எடுத்து, மறுபடி வைத்தாள்.

"அதான் நானே குறைச்சேன். முதல்ல கால் பங்கு கலந்தேன். அவருக்குத் தெரியலை. அப்புறம் பாதி. கடைசியில பாட்டில்ல நம்ம ஒயின் கொஞ்சம்தான் இருக்கும். உடம்பு பழகிடுச்சு போலன்னு அவரே சொல்லிக்கிட்டார். அதுக்கப்புறம் படகு ஒரு தடவைகூடத் தூண்ல இடிக்கலை. அந்தச் சரக்குக்கு என் கைக்காசுதான் போச்சு. கடைக் காசு தொடலை."

மொட்டை முதல் முறையாக எந்த நக்கலும் இல்லாமல் அவளைப் பார்த்தான்.

மேடம் மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "ஒரு பாட்டில்தான் வாங்குவாரா?"

"முன்னாடி ஒண்ணு. போதை குறைஞ்சதும் ரெண்டாக்கிட்டார். ரெண்டும் சேர்ந்தும் பழைய ஒண்ணுல பாதி தேறாது."

மேடம் குனிந்து கவுண்டருக்குக் கீழே பார்த்தார். பெட்டி இருந்தது. பாட்டில்களும் இருந்தன. மூடியிலிருந்த தேதி முத்திரை மட்டும் இன்றையது.

"இதுல இருந்த பழைய பாட்டில் எல்லாம் எங்கே?"

"நான்தான் சாக்கடையில ஊத்தினேன்," என்றாள் அக்கா. "காலையில. இவ ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா. கெட்டுப்போன சரக்கு கடையில இருக்கக் கூடாதுன்னு, உங்களுக்குக் காட்ட அலமாரியில ஒண்ணை மட்டும் விட்டுட்டு, மீதியை ஒரு சொட்டு விடாம ஊத்திட்டு, புதுப் பீப்பாயைத் திறந்து நானே நிரப்பி வெச்சேன்."

"இன்னிக்கு மத்தியானம் நானும் மொட்டையும் வெளியே போயிருந்தப்ப டிரைவர் வந்தாரா?"

"நான் சாப்பிடப் போயிருந்தேன்," என்றாள் தங்கை. சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்தது. "அக்கா, நீ கொடுத்தியா?"

அக்கா கவுண்டரைச் சுற்றி வந்தாள். செருப்பைத் தேடவில்லை.

"எத்தனைக்கா?"

"ரெண்டு," என்று சொன்னபோது அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

படகுத்துறை தெருக்கோடியில். அக்கா ஓடினாள். பருத்த உடம்பு, வெறுங்கால், ரொட்டிக் கடைக்காரன் வெளியே வந்து வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ஓட்டம். பின்னால் மொட்டை, அவனுக்குப் பின்னால் மேடம், கடைசியில் காய்ச்சல் விட்டும் விடாத தங்கை.

படகில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. கயிற்றை அவிழ்க்கப் போன ஆளைத் தள்ளிவிட்டு அக்கா உள்ளே குதித்தாள். நேராக டிரைவரின் சிறிய அறைக்குள் போனாள். அவர் சாவியைத் திருகுவதற்கு முன்னால் அதைப் பிடுங்கினாள்.

"என்னக்கா இது?" என்றார் டிரைவர். குரல் அமைதியாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. காலடியில் இரண்டு பாட்டில்கள் படுத்திருந்தன.

"இறங்கு. இன்னிக்கு நீ படகை எடுக்கக் கூடாது."

"எதுக்கு?"

"நீ குடிச்சிருக்கே."

முன் பெஞ்சில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கரையில் வீடு, தினமும் இந்தப் படகில் திரும்புகிறவர். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க கடை ஒயினைக் குடிச்சா? அதைக் குடிச்சு யாருக்கும்மா போதை ஏறும்?"

பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு பரவியது. டிரைவரும் சிரித்தார். "கேட்டியாக்கா? ஊரே சொல்லுது. ரெண்டு பாட்டில் ஜூஸ் குடிச்சிருக்கேன். சாவியைக் கொடு, நேரமாச்சு."

அக்கா அவர்களைப் பார்த்தாள். அவள் கடையில் வாங்கியவர்கள், திருப்பிக் கொடுத்தவர்கள், கடையை மூடச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். மடியில் புத்தகப் பையோடு சில பிள்ளைகள். கரையில் தங்கை வந்து சேர்ந்து, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாளா, மூச்சு வாங்கியதில் தலை ஆடியதா, தெரியவில்லை.

"நீங்க சொன்னது நிஜம்தான்," என்றாள் அக்கா. "கலப்படம் நடந்துச்சு. எங்க கடையிலதான். தண்ணி இல்லை, போதையில்லாத ஒயின். என் தங்கச்சி கலந்தா. இந்த ஆளுக்குக் கொடுக்கறதுக்காகக் கலந்தா. இவர் ஒழுங்கா உங்களைக் கரை சேர்க்கணும்னு கலந்தா. உங்க யார்கிட்டயும் சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு கலந்தா. அதுல சிலது தவறி உங்க கைக்கு வந்துடுச்சு. ஏறலைன்னு கல்லை விட்டீங்க."

சிரிப்பு நின்றது.

"இன்னிக்கு இவர் குடிச்ச ரெண்டுல எந்தக் கலப்பும் இல்லை. நானே நிரப்பினேன். நானே வித்தேன்."

"நீதானே வித்தே," என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "வித்துட்டு இங்க வந்து நியாயம் பேசறியா?"

"ஆமா, நான்தான் வித்தேன். அதனாலதான் உள்ள எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியும். பிள்ளைங்களை இறக்குங்க."

டிரைவர் சாவியைப் பறிக்க எழுந்தார். எழுந்தவர் கையை நீட்டினார், கை சாவிக்கு ஒரு முழம் தள்ளிக் காற்றைப் பிடித்தது. கால் மடங்கி, சுக்கானைக் கட்டிக்கொண்டு சரிந்தார். மொட்டை தாவிப் போய் அவர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினான்.

"சார், கரை அந்தப் பக்கம்," என்றான் மெல்ல. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

முதலில் ஒரு பையன் இறங்கினான். பிறகு அந்தப் பின் பெஞ்சுப் பெண், கடைக்காரியைத் திட்டிக்கொண்டே. பல் டாக்டர் கடைசியாக எழுந்தார்.

"இவ்வளவு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டீங்க. லைசென்ஸ் போயிடும்மா."

"அதிகாரி வந்தா அப்படியே சொல்லுங்க டாக்டர். கூடவே, இவர் குடிக்கிறது உங்களுக்கும் இத்தனை நாளாத் தெரியும்னும் சொல்லுங்க."

டாக்டர், அதே படகில் உட்கார்ந்திருந்த கமிட்டித் தலைவரைத் தேடினார். தலைவர் ஏற்கெனவே தெருவில் பாதி தூரம் போயிருந்தார். மேடம் அவருக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது எதிர்க்கரைக்குப் போன் செய்து வேறு படகுக்கு ஏற்பாடாகியிருந்தது. கூடவே திரும்பி வந்த தலைவரின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. என்ன பேசினார் என்று மொட்டை கேட்டதற்கு, "மரியாதையாத்தான் பேசினேன்," என்றார் மேடம்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார், எதற்கும் முகம் மாறவில்லை. டிரைவரை எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். படகுக்கு வேறு ஆள் வந்திருந்தான். ஒயின் கடைக்கு மூன்று மாதம் பூட்டு. லைசென்ஸ் பறிபோகாமல் தப்பியது மேடத்தின் வாக்குமூலத்தால்தான். அதற்கு அக்கா நன்றி சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள்.

அதிகாரி கதவில் அரக்கு உருக்கி முத்திரை வைப்பதைச் சகோதரிகள் இருவரும் தெருவில் நின்று பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை என்பது அவர்கள் நின்ற இடைவெளியிலேயே தெரிந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்கா," என்றாள் தங்கை.

"எப்படிச் சொன்னே? லேபிளைத் தடவிக்கிட்டே, குனிஞ்ச தலை நிமிராம, பாட்டிலுக்குச் சொல்ற மாதிரி சொன்னே. எனக்குக் கேக்கற மாதிரியா சொன்னே?"

"கத்தினா உனக்குக் கோபம் வரும்."

"வரட்டும்டி. எனக்குக் கோபம் வந்தா என்ன, கூரையா இடிஞ்சு விழுது? ஒரு விஷயம் அவ்வளவு பெருசுன்னா கத்தணும். என் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும். ஒளிஞ்சு ஒளிஞ்சு பாட்டில்ல ஊத்திக்கிட்டு இருந்திருக்கே."

தங்கை அக்காவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"மூணு மாசம் கழிச்சு கடை திறக்கும். அந்த ஆளும் திரும்பி வருவார்," என்று ஆரம்பித்தவள், குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தாள். "அவருக்கு நீ ஒரு சொட்டு விக்கக் கூடாது. கெஞ்சினாலும் விக்கக் கூடாது. கேக்குதா?"

அதிகாரி கையில் அரக்கோடு திரும்பிப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரன் வெளியே வந்தான். மொட்டை ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

"விக்க மாட்டேன்," என்றாள் அக்கா. "அதுக்கு ஏன்டி இப்படிக் கத்தறே?"